நோயாளி காத்திருக்கிறாரா? வைத்தியசாலை மென்பொருள் உதவிப் பணிக்குப் புதிதாக வருபவர்களுக்கு

உயர்தரம் எழுதிவிட்டு, ஹட்டனிலோ பண்டாரவளையிலோ ஒரு கணினிப் பாடநெறியையும் முடித்துவிட்டு வருபவர்கள் கேட்கும் முதல் கேள்வி, புரோகிராமிங் தெரியாமல் ஐ.டி. வேலை கிடைக்குமா என்பது. கிடைக்கும். வைத்தியசாலைகளுக்கு மென்பொருள் செய்து கொடுக்கும் நிறுவனங்களில் தொழில்நுட்ப உதவிப் பிரிவு ஒன்று இருக்கும். வைத்தியசாலையில் எந்தத் திரை உறைந்து நின்றாலும் முதலில் ஒலிப்பது அந்தப் பிரிவின் தொலைபேசிதான். சிங்களமும் தமிழும் காதில் விழுந்தே வளர்ந்து, ஆங்கிலத்தில் எழுதவும் கொஞ்சம் பழகிவிட்ட மலையகப் பிள்ளைகளுக்கு இது நன்றாகப் பொருந்தும் வேலை என்பது என் அபிப்பிராயம்.

பொருந்தும் என்றேன், சுலபம் என்று சொல்லவில்லை. கடை ஒன்றின் பில் மென்பொருள் நின்றுபோனால் முதலாளி திட்டுவார், அத்தோடு போயிற்று. ஆய்வுகூட மென்பொருள் நின்றுபோனால், காலையில் வெறும் வயிற்றோடு மஸ்கெலியாவிலிருந்து பஸ் ஏறி வந்து இரத்தம் கொடுத்த ஓர் அம்மா, முடிவு வராமல் மாலை வரை வாங்கிலேயே இருப்பார். தொலைபேசியில் உங்களுக்குக் கேட்பது தாதியின் குரல் மட்டும். அந்த அம்மாவும் அங்கே இருக்கிறார் என்பதை மறக்காமல் வேலை செய்யத் தெரிந்தவரே இந்தத் துறையில் நிலைக்கிறார். மற்றதெல்லாம் பழகினால் வந்துவிடும்.

முதலில்: ஒரு வைத்தியசாலையில் போய் உட்காருங்கள்

கணினியைத் திறப்பதற்கு முன் செய்யவேண்டியது இது. ஒரு நாள் காலையில் பக்கத்து நகரத்தின் தனியார் வைத்தியசாலைக்கோ சனலிங் நிலையத்துக்கோ (டொக்டரை முன்பதிவு செய்து பார்க்கும் இடம்) போங்கள். வீட்டில் யாரையாவது கிளினிக்குக் கூட்டிப்போகும் நாளாக இருந்தால் இன்னும் நல்லது. வரவேற்பு மேசையில் என்ன கேட்கிறார்கள், இலக்கம் எங்கே கொடுக்கிறார்கள், டொக்டரின் அறையிலிருந்து வெளியே வருபவர் கையில் என்ன துண்டு இருக்கிறது, அதை எங்கே நீட்டுகிறார், காசு எந்த இடத்தில் கட்டுகிறார், மருந்து எந்த யன்னலில் வருகிறது என்று பார்த்துக்கொண்டே இருங்கள். வீட்டுக்கு வந்ததும் அந்தப் பாதையை ஒரு தாளில் வரையுங்கள்.

மென்பொருளின் வரைபடமும் ஏறக்குறைய அதுதான். பதிவு, சனலிங், டொக்டரின் குறிப்பு, ஆய்வுகூடம், கதிரியக்கப் பிரிவு, மருந்தகம், பில், வார்டில் அனுமதி, வெளியேற்றம் என்று ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒரு பகுதி இருக்கும். 'பில்லில் ஸ்கேன் கட்டணம் வரவில்லை' என்று ஒருவர் சொன்னால், அது பில் பகுதியின் கோளாறாக இருக்காமல், ஸ்கேன் அறையில் 'முடிந்தது' என்ற பொத்தானை யாரும் அழுத்தாத கோளாறாக இருக்கலாம். பாதை தெரிந்தவர் ஒரு நிலையம் முன்னால் போய்ப் பார்ப்பார். தெரியாதவர் பில் பகுதியையே மணிக்கணக்கில் குடைந்துகொண்டிருப்பார்.

தோட்டப் புறத்தில் வளர்ந்தவர்களுக்கு இன்னொரு பாதையும் தெரியும். தோட்ட மருந்தகத்தில் காட்டி, அங்கே துண்டு எழுதி, டிக்கோயாவுக்கோ நுவரெலியாவுக்கோ அனுப்பி, அங்கிருந்து கண்டிக்கோ பேராதனைக்கோ மாற்றுவது. ஒரே நோயாளி மூன்று இடத்தில் மூன்று பதிவாக இருக்கிறார் என்பதை இது சொல்லாமல் சொல்கிறது. அதைப் பற்றிப் பிறகு விரிவாகப் பேசவேண்டியிருக்கிறது.

வீட்டிலிருந்தே கற்கக்கூடியவை

வலையமைப்பின் அடிப்படை கட்டாயம் வேண்டும். ஐ.பி. முகவரி என்றால் என்ன, ஒரு கணினி இணைப்பில் இருக்கிறதா என்று பார்க்கும் 'பிங்' அனுப்பிப் பதில் வராவிட்டால் எங்கே பார்ப்பது, ஒரு கணினியில் மட்டும் இணைப்பு இல்லையா எல்லாவற்றிலும் இல்லையா என்று பிரித்தறிவது எப்படி, இவை போதும். பிரின்டரைக் குறைவாக மதிக்காதீர்கள். ஆய்வுகூடக் குழாயில் ஒட்டும் பார்கோட் ஸ்டிக்கர், பில், மருந்துச் சீட்டு எல்லாம் அதன் வழியாகத்தான் வெளியே வருகின்றன. வரும் அழைப்புகளும் அதற்கேற்பவே இருக்கும்.

தரவுத்தளத்தில் தேடிப் பார்க்க எஸ்.கியூ.எல். மொழியின் 'செலக்ட்' கட்டளை தெரிந்திருக்கட்டும். தரவை மாற்றும் 'அப்டேட்', அழிக்கும் 'டிலீட்' இரண்டையும் கற்றுக்கொள்ளுங்கள், ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் வைத்தியசாலைத் தரவுத்தளத்தில் அவற்றின் பக்கம் போகாதீர்கள். இதைத் திரும்பவும் சொல்வேன்.

இந்தத் துறைக்கே உரிய சில பெயர்கள் உண்டு. எச்.எல்.7 என்பது ஒரு மருத்துவ மென்பொருள் இன்னொன்றோடு பேசும் முறை. அதை வகுக்கும் அமைப்பு 1987இல் தொடங்கியது. பழைய பதிப்பில் செய்தி வரி வரியாக வரும். எம்.எஸ்.எச். என்று தொடங்கும் வரி உறையின் மேல் எழுதும் முகவரி போன்றது: யார் அனுப்பினார், யாருக்கு, எப்போது. பி.ஐ.டி. வரியில் நோயாளியின் விபரம். அதில் மூன்றாவது இடம் நோயாளி இலக்கம், ஐந்தாவது பெயர். ஓ.பி.ஆர். வரியில் என்ன சோதனை கேட்கப்பட்டது. ஓ.பி.எக்ஸ். வரியில் முடிவு: ஐந்தாவது இடம் மதிப்பு, ஆறாவது அலகு. பெற்றுக்கொண்ட பக்கம் 'ஏ.ஏ.' என்று பதில் அனுப்பினால் ஏற்றுக்கொண்டது, 'ஏ.ஈ.' என்றால் பிழை, 'ஏ.ஆர்.' என்றால் மறுத்துவிட்டது. இவ்வளவு தெரிந்தாலே, 'இயந்திரத்தில் முடிவு இருக்கிறது, திரையில் இல்லை' என்ற அழைப்பைப் பாதி தீர்த்துவிடலாம். எச்.எல்.7 அமைப்பே வெளியிட்ட புதிய முறையின் பெயர் ஃபயர். இணையச் சேவைகள் பேசுவது போல அது பேசும்.

எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களுக்கு டைகொம் என்ற முறை. நோய்களுக்குக் குறியீடு கொடுப்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி. வகைப்பாடு. பத்தாவது பதிப்பில் ஆஸ்துமா ஜே 45, இரண்டாம் வகை நீரிழிவு ஈ 11. பதினோராவது பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது, ஆனாலும் பத்தாவதைக் கைவிடாத இடங்கள் ஏராளம். குறியீடுகளை மனனம் செய்யவேண்டாம். எங்கே தேடுவது என்று தெரிந்தால் போதும்.

அலகு என்று சொன்னேன், அதில் கொஞ்சம் நிற்க வேண்டும். இரத்தச் சர்க்கரையை ஓர் இயந்திரம் டெசிலீட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் 126 என்று சொல்லும். இன்னோர் இயந்திரம் லீட்டருக்கு மில்லிமோல் கணக்கில் 7 என்று சொல்லும். இரண்டும் ஒரே அளவுதான். ஏறக்குறைய 18ஆல் பெருக்கினால் ஒன்று மற்றதாகும். புதிய இயந்திரம் பொருத்திய அன்று, மென்பொருளில் பழைய அலகே இருந்துவிட்டால், 7 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் மில்லிகிராம் என்று அச்சாகும். அதை நம்பினால், நோயாளி மயங்கிக் கிடக்கவேண்டிய அளவு அது. திரையில் ஒரு சிவப்பு எச்சரிக்கையும் வராமல் போகலாம், ஏனென்றால் மென்பொருளின் கண்ணில் எதுவும் பிழையில்லை. ஆகவே இயந்திரம் மாற்றினோம், ரீஏஜன்ட் (சோதனைக்கான இரசாயனம்) மாற்றினோம் என்று ஆய்வுகூடத்தில் யாராவது பேச்சோடு பேச்சாகச் சொன்னால், காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்.

பயிற்சிக்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை. ஓபன் எம்.ஆர்.எஸ்., ஓபன் ஈ.எம்.ஆர்., டி.எச்.ஐ.எஸ். 2 ஆகியவை சுகாதாரத் துறைக்கான திறந்த மூல மென்பொருள்கள், இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். இவற்றில் கடைசியாகச் சொன்னதை 2020இல் கொவிட் கண்காணிப்புக்காக நமது சுகாதார அமைச்சே பயன்படுத்தியது. வீட்டுக் கணினியில் ஒன்றை நிறுவி, கற்பனை நோயாளிகளைப் பதிவு செய்து, சோதனை கேட்டு, முடிவு போட்டுப் பாருங்கள். பிறகு வேண்டுமென்றே எதையாவது உடைத்து, ஏன் உடைந்தது என்று தேடுங்கள். நேர்முகத் தேர்வில் சான்றிதழ் கோப்பை நீட்டுவதைவிட இதைப் பற்றிப் பேசுவது எடுபடும்.

தொலைபேசி ஒலிக்கும்போது

வரும் அழைப்புகள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும்: "தம்பி, சிஸ்டம் வேலை செய்யவில்லை." இதில் தகவல் எதுவும் இல்லை. சொன்னவர் மீது குற்றமும் இல்லை. அவர் ஒரு கையில் தொலைபேசியும் மறு கையில் ஊசியுமாக நிற்கலாம்.

புதியவர்கள் உடனே "என்ன எரர் வருகிறது மிஸ்?" என்று கேட்பார்கள். அதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது.

"மிஸ், இப்போது இதற்காக நோயாளி யாராவது காத்திருக்கிறாரா?"

சிங்களத்தில் கேட்பதானால், "லெடெக் பலாகென இன்னவாத மிஸ்?" இந்தக் கேள்வி இரண்டு வேலை செய்கிறது. எவ்வளவு அவசரம் என்று உங்களுக்குத் தெரிகிறது. நிலைமை உங்களுக்குப் புரிகிறது என்று அவருக்கும் தெரிகிறது; குரல் அங்கேயே தணிந்துவிடும். ஆம் என்றால், முதலில் அந்த நோயாளி நகர வழி செய்யுங்கள். பக்கத்துக் கணினியில் செய்ய முடியுமா? கையால் எழுதிக் கொடுத்துவிட்டுப் பிறகு பதியலாமா? முடிவை ஆய்வுகூடத்திலிருந்து தாளில் வாங்கிக்கொள்ளலாமா? வழி கிடைத்தபின் கோளாறைத் தேடலாம்.

அதன் பிறகு வரிசையாக: உங்களுக்கு மட்டுமா, பக்கத்து மேசையிலும் அப்படியா? எப்போது தொடங்கியது? நேற்று சரியாக இருந்ததா? இடையில் எதையாவது மாற்றினீர்களா, யாராவது வந்து திருத்தினார்களா? கடைசிக் கேள்விக்கு முதலில் வரும் பதில் 'இல்லை' என்பதாகவே இருக்கும். சற்று நேரம் பேசிக்கொண்டிருந்தால், "மின்சாரம் போய் வந்தது, அவ்வளவுதான்" என்று வெளியே வரும்.

அழைப்பவரை மரியாதையாக அழைக்கத் தெரியவேண்டும். தாதியரை 'மிஸ்' என்பதே இங்கு வழக்கம். டொக்டரை 'டொக்டர்' என்றும், நிர்வாகத்தில் உள்ளவரை 'சேர்' அல்லது 'மேடம்' என்றும் அழையுங்கள். வரவேற்பு மேசையில் உங்கள் வயதுப் பிள்ளைகள்தான் இருப்பார்கள். பழகியபின் அக்கா, தங்கச்சி என்று தானாக வந்துவிடும். அவர்கள் உங்களை 'தம்பி' என்றோ, சிங்களத்தில் 'மல்லி' (தம்பி) என்றோ 'நங்கி' (தங்கச்சி) என்றோ அழைத்தால், உறவு சரியாக ஓடுகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். தெரியாததை 'பார்த்துவிட்டுச் சொல்கிறேன்' என்று ஒப்புக்கொள்வதில் கௌரவக் குறைவு இல்லை. ஆனால் எத்தனை மணிக்குச் சொல்வேன் என்பதையும் சேர்த்துச் சொல்லி, கோளாறு தீராவிட்டாலும் அந்த மணிக்கு அழைக்கவேண்டும். தீர்ந்தபின் அழைக்கலாம் என்று காத்திருப்பவரைத்தான் வாடிக்கையாளர்கள் மன்னிப்பதில்லை.

பெயரும் அடையாள அட்டையும்

மலையகத்தில் வேலை செய்பவருக்கு இது தனிப் பாடம். கொழும்பிலிருந்து வரும் பயிற்சியாளர் யாரும் இதைச் சொல்லித்தரப் போவதில்லை.

மென்பொருளின் பதிவுத் திரை பெரும்பாலும் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டங்களைக் கேட்கும். நமக்குக் குடும்பப்பெயர் கிடையாது. பெருமாளின் மகள் லெட்சுமி வந்து நின்றால், ஒரு நாள் பெருமாளை முதல் கட்டத்திலும் லெட்சுமியை இரண்டாவதிலும் போடுவார்கள். இன்னொரு நாள் மாற்றிப் போடுவார்கள். திருமணத்துக்குப் பின் கணவரின் பெயரும் வந்து சேரும். ஆங்கிலத்தில் லெட்சுமியை எழுத நான்கைந்து விதம் உண்டு. பிறப்புச் சான்றிதழில் பதிவாளர் எழுதியது ஒரு விதம், அடையாள அட்டையில் இன்னொரு விதம், சிங்களப் பெயர்களுக்குப் பழகிய எழுதுவினைஞர் காதால் கேட்டு எழுதியது மூன்றாவது விதம். முகவரியில் வீதிப் பெயர் கிடையாது. தோட்டத்தின் பெயரும் பிரிவின் பெயரும்தான். அந்தத் தோட்டத்துக்கும் ஆவணத்தில் ஆங்கிலப் பெயர் ஒன்று, மக்கள் வாயில் தமிழ்ப் பெயர் வேறொன்று. ஒரே தோட்டத்தில் அதே பெயரில் ஏழெட்டுப் பேர் இருப்பதும் புதுமையில்லை. தொலைபேசி இலக்கமாகக் கொடுத்திருப்பது கொழும்பில் வேலை செய்யும் மகனுடையதாக இருக்கும். முடிவு தயார் என்ற குறுஞ்செய்தி அவருக்குப் போகும், அம்மா வாங்கில் காத்திருப்பார்.

இதன் விளைவாக ஒரே ஆளுக்கு இரண்டு பதிவுகள் உருவாகும். அதைவிட மோசமாக, இரண்டு பேர் ஒரே பதிவுக்குள் நுழைந்துவிடுவார்கள். முதலாவதால் பழைய ஒவ்வாமைக் குறிப்பு டொக்டரின் கண்ணில் படாமல் போகும். இரண்டாவதால் ஒருவரின் இரத்த வகை மற்றவரின் கோப்பில் ஏறும்.

அடையாள அட்டை இலக்கம் இங்கே கைகொடுக்கும். பழைய இலக்கத்தில் ஒன்பது எண்களும் கடைசியில் வி அல்லது எக்ஸ் என்ற எழுத்தும் இருக்கும். முதல் இரண்டு எண்கள் பிறந்த வருடம். அடுத்த மூன்று, அந்த வருடத்தில் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டப்பட்டிருக்கும். 85, அடுத்து 562 என்று தொடங்கினால், 1985 மார்ச் 2ஆம் திகதி பிறந்த பெண். மார்ச் 3 என்று உங்கள் கணக்கு வந்தால், பெப்ரவரிக்கு 28 நாள் போட்டிருப்பீர்கள். இந்த இலக்கத்தில் எல்லா வருடத்துக்கும் பெப்ரவரி 29 நாள்தான். புதிய இலக்கத்தில் பன்னிரண்டு எண்கள், எழுத்து இல்லை. வருடம் நான்கு எண்ணாக வரும். பழையதைப் புதியதாக மாற்றும்போது முன்னால் 19 சேரும், நாள் எண்ணுக்குப் பின்னால் ஒரு பூச்சியம் சேரும், எழுத்து போய்விடும். ஆகவே சென்ற வருடம் பழைய அட்டையோடும் இந்த வருடம் புதிய அட்டையோடும் வந்தவரை மென்பொருள் இரண்டு பேராகக் கருதியிருந்தால், இலக்கங்களை இப்படிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். அட்டையில் பெண், பதிவில் ஆண் என்று இருக்கிறதா, பிறந்த திகதி ஒத்துப்போகிறதா என்பதும் தெரியும்.

இரட்டைப் பதிவு என்று கண்டுபிடித்தபின் ஒன்றை அழித்துவிடத் தோன்றும். அழிக்கக்கூடாது. அதில்தான் அந்த ஆளின் பழைய முடிவுகள் இருக்கின்றன. இரண்டையும் இணைக்கும் வசதி மென்பொருளில் இருக்கும். வைத்தியசாலையில் அதற்குப் பொறுப்பானவர் இருவரும் ஒருவரே என்று எழுத்தில் உறுதிசெய்தபின் இணைக்கவேண்டும். 'பெயர் ஒன்று, ஊர் ஒன்று, ஆகவே ஆளும் ஒன்று' என்று நீங்கள் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

டிக்கட் எழுதுவது

ஒவ்வோர் அழைப்புக்கும் ஒரு டிக்கட், அதாவது கோளாறு பற்றிய பதிவு, திறக்கவேண்டும். நீங்கள் எழுதுவதை இரவு இரண்டு மணிக்கு உங்களைத் தெரியாத ஒருவர் படிப்பார் என்று நினைத்து எழுதுங்கள்.

மோசமான டிக்கட்: 'ஆய்வுகூடத்தில் பிரச்சினை. அவசரம். பார்க்கவும்.'

நல்ல டிக்கட்: 'இரத்தப் பரிசோதனை இயந்திரத்திலிருந்து முடிவுகள் காலை 8.40 முதல் திரைக்கு வரவில்லை. அதற்கு முன்னால் உள்ளவை சரியாக வந்திருக்கின்றன. மற்ற இயந்திரங்கள் வழமைபோல. 8.30 அளவில் மின்சாரம் போய் வந்தது. இயந்திரத்தின் ஐ.பி. முகவரிக்குப் பிங் போகவில்லை. முடிவுகளை இப்போதைக்குக் கையால் பதிகிறார்கள், நோயாளிகள் காத்திருக்கிறார்கள். 10.15க்கு மீண்டும் அழைப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.'

இதை ஆங்கிலத்தில்தான் எழுதவேண்டியிருக்கும். இலக்கணம் பிழைத்தால் யாரும் சாகப்போவதில்லை. நேரம், இடம், யாருக்கு, என்ன செய்து பார்த்தேன், இப்போது எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பவை விடுபடாமல் இருந்தால் போதும். நோயாளியின் பெயரை எழுதவேண்டாம்; பதிவு இலக்கம் போதும்.

முதல் நிலையில், அதாவது அழைப்பை எடுக்கும் இடத்தில், இருப்பவர் எதை, எப்போது மேலே அனுப்புவது என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பொதுவாக, வழிகாட்டிக் குறிப்பில் உள்ளவற்றைச் செய்து பார்த்தும் நகரவில்லை என்றால் இரண்டாம் நிலைக்கு அனுப்புங்கள். பிழை மென்பொருளின் உள்ளேயே என்றால் அங்கிருந்து உருவாக்குநர்களிடம் போகும். அனுப்பிவிட்டதோடு கை கழுவாதீர்கள். தாதிக்குத் தெரிந்த குரல் உங்களுடையது; அவர் திரும்பவும் உங்களைத்தான் கேட்பார்.

தொடக்கூடாதவை

சோதனை முடிவின் எண்ணை நீங்கள் திருத்தக்கூடாது. தொழில்நுட்பவியலாளர் "தவறாக அடித்துவிட்டேன், நீங்களே பின்னால் போய் மாற்றிவிடுங்கள் தம்பி" என்று எவ்வளவு அன்பாகக் கேட்டாலும் கூடாது. அவருடைய கணக்கிலிருந்து, அவரே, திருத்தம் என்று பதிவாகும் வழியில் மாற்றவேண்டும். மருந்தின் அளவு, நேரம், ஒவ்வாமைக் குறிப்பு எல்லாவற்றுக்கும் இதே விதிதான். 'அப்டேட்' கட்டளை பற்றி முன்னால் சொன்னது இதற்காகத்தான். ஒரு நிபந்தனையை எழுத மறந்தால், ஒரு நோயாளிக்குப் பதில் எல்லா நோயாளிகளின் வரியும் மாறிவிடும்.

முடிவு நல்லதா கெட்டதா என்றும் சொல்லாதீர்கள். "இந்த எண் கூடவா தம்பி?" என்று வரவேற்பு மேசையிலிருந்தே கேட்பார்கள். அதற்கு டொக்டர் இருக்கிறார்.

பக்கத்து வீட்டுக்காரரின் கோப்பு

பெரிய நகரத்தில் வேலை செய்பவருக்கு நோயாளி ஒரு பெயர் மட்டும். நமக்கு அப்படியில்லை. தலவாக்கலையிலோ கொட்டகலையிலோ வளர்ந்தவருக்கு, என்றாவது ஒரு நாள் திரையில் தன்னுடைய ஆசிரியரின், மச்சானின், கோயில் தலைவரின் பெயர் வரும். டிக்கட்டுக்குத் தேவையில்லாத கோப்பைத் திறக்காதீர்கள். திறந்தால் யார், எப்போது திறந்தார் என்பது பதிவாகும். பதிவாகாத மென்பொருளாக இருந்தாலும் திறக்காதீர்கள். தேவைக்காகத் திறந்து கண்ணில் பட்டுவிட்டால், வீட்டிலும் வாய் திறக்கக்கூடாது. லயத்தில், அந்த வரிசை வீடுகளில், ஒரு செய்தி ஒரு காம்பராவிலிருந்து அடுத்த காம்பராவுக்குப் போக எவ்வளவு நேரம் எடுக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலைச் சிறப்புப் பாதுகாப்புக்குரிய வகையில் சேர்த்திருக்கிறது. சட்டத்தைப் படித்துப் பாருங்கள், தமிழிலும் உண்டு. நடைமுறையில் நான் அதிகம் அஞ்சுவது வாட்ஸ்அப்பைத்தான். தாதி திரையைப் படமெடுத்து அனுப்புவார், அதில் நோயாளியின் பெயர், நோய், தொலைபேசி எல்லாம் இருக்கும். நீங்கள் அதைக் குழுவில் போட்டு "யாருக்காவது தெரியுமா?" என்று கேட்பீர்கள். அப்படிச் செய்யாதீர்கள். பெயரை மறைத்து அனுப்பும்படி பக்குவமாகச் சொல்லுங்கள். எனிடெஸ்க் போன்றவற்றால் தூரத்திலிருந்து கணினிக்குள் நுழையும்போது கேட்டுவிட்டு நுழையுங்கள், முடிந்ததும் சொல்லிவிட்டு வெளியேறுங்கள். கடவுச்சொல்லைத் தொலைபேசியில் சொல்ல வருபவரை இடையிலேயே நிறுத்துங்கள்.

மழை, மின்னல், மின்சாரம்

மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் மாலையானால் மலைநாட்டில் இடிமின்னல்தான். தொலைபேசிக் கம்பி வழியாக வந்து ரவுட்டரைச் சுட்டுவிட்டுப் போகும். மின்சாரம் போய் வரும்போது எல்லாக் கணினிகளும் ஒரே நேரத்தில் எழும். தரவுத்தளம் இருக்கும் மையக் கணினியான சேர்வர் எழுவதற்கு முன் மற்றவை எழுந்து, 'இணைப்பு இல்லை' என்று நிற்கும். அந்த நேரத்து அழைப்புகளில் பலவற்றுக்கு மருந்து, சேர்வர் எழும்வரை பொறுத்து, மென்பொருளை மூடித் திறப்பதுதான். மின்சாரம் போனாலும் சற்று நேரம் தாக்குப்பிடிக்க வைக்கும் யூ.பி.எஸ். இருக்கிறதா என்று கேட்டால் எல்லோரும் இருக்கிறது என்பார்கள். அதன் பட்டரி எப்போது மாற்றப்பட்டது என்று கேளுங்கள். 2022இல் நீண்ட மின்வெட்டுகளைக் கண்ட நாடு இது, ஆனாலும் அந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருப்பவர் குறைவு.

நுவரெலியாவின் ஈரத்தில் தாளும் ஸ்டிக்கர் சுருளும் நனைந்து வளையும். பிரின்டர் இரண்டு மூன்றாக இழுக்கும். பெட்டியை நிலத்தில் வைக்காமல் உயரத்தில் மூடி வைக்கச் சொல்லுங்கள். பிரின்டரை இயக்கும் டிரைவர் மென்பொருளை அழித்து மீண்டும் போடுவதற்கு முன்னால் தாளைத் தொட்டுப் பார்க்கச் சொல்வது புத்திசாலித்தனம்.

ஒவ்வொரு வைத்தியசாலையும் கணினி இல்லாத நேரத்துக்கான தாள் படிவங்களை வைத்திருக்கவேண்டும். எங்கே இருக்கின்றன, யார் பிறகு பதிவார்கள் என்று மழைக்காலத்துக்கு முன்பே கேட்டு வையுங்கள். பாதை மண்சரிவில் மூடிவிட்டால் நேரில் போவது பற்றிய பேச்சே இல்லை. தொலைபேசியில் ஒருவரின் கைகளைக் கொண்டு கேபிளைக் கழற்றி மாட்டவைக்கும் பொறுமை அன்று தேவைப்படும். "நீலக் கம்பி" என்று சொல்லாதீர்கள், அங்கே எல்லாம் நீலமாகத்தான் இருக்கும். "விளக்கு மினுங்கும் இடத்திலிருந்து இரண்டாவது" என்று சொல்லுங்கள்.

கையொப்பமிடுவதற்கு முன்

நேர்முகத் தேர்வில் உங்களிடம் கேட்பார்கள், நீங்களும் கேளுங்கள். வாடிக்கையாளர் உள்நாட்டு வைத்தியசாலைகளா, வெளிநாட்டவையா? அமெரிக்கக் கிளினிக்குகள் என்றால், நியூயோர்க்கில் காலை 9 மணி என்பது இங்கே கோடையில் மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. வேலை முடியும்போது நடுநிசி தாண்டியிருக்கும். அங்கே நோயாளித் தகவலைக் காக்கும் 1996ஆம் ஆண்டின் ஹிப்பா சட்டம் பொருந்தும், அதற்குத் தனிப் பயிற்சி தருவார்கள். பிரித்தானியா என்றால் பகல் பொழுதும் முன்னிரவுமாக முடிந்துவிடும்.

இரவு வேலை என்றால் வீடுவரை வாகனம் உண்டா, அல்லது பஸ் நிலையம்வரை மட்டுமா என்று கேளுங்கள். பஸ் நிலையத்திலிருந்து தோட்டத்துக்குப் போகும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதைத் தேர்வு நடத்துபவர் அறிந்திருக்க மாட்டார். வீட்டிலிருந்து வேலை என்றால் இணையக் கட்டணமும் யூ.பி.எஸ்.ஸும் யார் பொறுப்பு? விடுமுறை நாளில் அழைப்புக்குக் காத்திருக்கும் முறை வந்தால் அதற்குக் கொடுப்பனவு உண்டா? தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும் முறை எப்படிப் பிரிக்கிறார்கள்?

நியமனக் கடிதத்தில் ஊழியர் சேமலாப நிதி பற்றி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் சம்பளத்திலிருந்து 8 சதவீதம், நிறுவனம் தன் பங்குக்கு 12 சதவீதம். அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு நிறுவனம் 3 சதவீதம். 'பயிற்சிக் காலம், ஆகவே இவை இல்லை' என்று சொல்லி நீண்ட காலம் இழுக்கும் இடங்கள் உண்டு. பயிற்சிக் காலம் எத்தனை மாதம், அதன்பின் சம்பளம் எவ்வளவு என்பதைக் கடிதத்திலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால், நீங்களும் தயங்குங்கள்.